கண்ணாடிக்குக் காசு கொடுக்கலாம், சூட்டுக்கு வேண்டாம்: 60 சென்ரிமீற்றர் கெக்கோ செட் வன்னியில் எப்படி?

லெப்பேட் கெக்கோ என்கிற புள்ளிப் பல்லியை வளர்க்க வெளிக்கிடுபவர்களுக்கென்று எல்லாச் சாமானையும் ஒன்றாகக் கட்டி விற்கிற ‘ஆரம்ப செட்’ ஒன்று செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. கண்ணாடித் தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். முன்பக்கம் திறக்கிற இரண்டு கண்ணாடிக் கதவு, மேலே கம்பி வலை மூடி. கூடவே அடியில் வைத்துச் சூடாக்குகிற 16 வாற்று விரிப்பு (ஹீற் மாற்), 75 வாற்று சிவப்பு பல்ப், அதற்குக் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஹோல்டர், பின்சுவரில் ஒட்டுகிற முள் மானி இரண்டு, ஒரு பை கல்சியம் மணல், பிசினில் வார்த்த குகை ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். பெட்டியின் மேல் பெயர் மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான். வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும் உள்ள ஒரு வீட்டில், நம்முடைய வெயிலில், இது சரிவருமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். தொட்டி நல்லது. கதவும் பூட்டும் காற்றுப் போகிற வழியும் பல்லியை அறிந்தவர்கள் யோசித்துச் செய்தவை. சூடாக்குகிற சாமான்கள் குளிர்தேசத்து வீட்டுக்கானவை. அவற்றை அப்படியே செருகிவிட்டால் பல்லி வெந்துபோகும். மணல் பையைத் திறக்கவே வேண்டாம். செட்டில் கட்டாயம் இருக்கவேண்டிய ஒரு சாமான், சூட்டை ஓர் அளவில் நிறுத்திவைக்கிற தேமோஸ்ரற், அதில் இல்லை. தொட்டியைத் தனியாக விற்கிற கடை இருந்தால் தனியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக் கடையில் செய்விக்கலாம், அளவுகள் கீழே இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். நாட்டில் இயற்கையாக வாழும் ஊர்வன பெரும்பாலானவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உண்டு. காட்டிலிருந்தோ வளவிலிருந்தோ ஓணானையோ உடும்புக் குட்டியையோ பிடித்து இந்தத் தொட்டிக்குள் விடுவதற்கு இடமே இல்லை. லெப்பேட் கெக்கோவின் தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கங்கள். வெளிநாட்டு விலங்கு என்பதால் அது நாட்டுக்குள் வந்த கடதாசிகளை விற்பவரிடம் கேளுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் பக்கத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடதாசி காட்டாதவரிடம் வாங்கவேண்டாம்.

இனிச் சூட்டுக்கு வருவோம். ஹீற் மாற் என்பது சூட்டை ஓர் அளவில் நிறுத்திவைக்கிற பொருள் அல்ல. அறையில் என்ன சூடு இருக்கிறதோ அதற்கு மேலே தன் பங்கைக் கூட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. 20 பாகை செல்சியஸ் அறையில் தொட்டித் தரையை 33க்குக் கொண்டுவரும் மாற் ஒன்று 13 பாகை கூட்டுகிறது. அதே மாற்றை வைகாசி மத்தியானம் 34 பாகை அறையில் போட்டுவிட்டால் தரை 47க்குப் போகும். கெக்கோவுக்குச் சூட்டுப் பக்கத் தரை 31 முதல் 33 வரை இருந்தால் போதும். வயிற்றால் சூடு வாங்கித்தான் அது தின்றதைச் செமிக்கவைக்கிறது. தரை சுடுகிறது என்று உடனே எழும்பி ஓடுகிற புத்தியும் அதற்குக் குறைவு. படுத்தபடியே இருக்கும், வயிற்றுத் தோல் முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு பொருக்கு வைக்கும். மாற்றைத் தேமோஸ்ரற் இல்லாமல் விற்பது இந்தச் செட்டின் ஆகப்பெரிய பிழை. பெட்டியின் மேல் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் இந்தப் பிழைக்கு ஈடாகாது.

முள் மானிகள் இந்தப் பிழையை மறைத்துவிடுகின்றன. பின்சுவரில் பாதி உயரத்தில் ஒட்டிய மானி அங்கே உள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும். பல்லி நடக்கிற தரை 43இல் இருக்கும்போது மானியின் முள் 32இல், பச்சை நிறப் பகுதியில், அழகாக நிற்கும். பார்ப்பவர் எல்லாம் சரி என்று போய்விடுவார். அதனால் வயர் நுனியில் சென்சர் உள்ள டிஜிற்றல் மானி இரண்டு வாங்குங்கள். ஒரு சென்சர் சூட்டுப் பக்கக் குகையின் தரையில், மற்றது குளிர்ப் பக்கக் குகையின் தரையில். வாங்கியதும் ஒரு கோப்பையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சரை உள்ளே வையுங்கள். 0 காட்டவேண்டும். 2 காட்டினால் எப்போதும் 2ஐக் கழித்துக்கொள்ளுங்கள். ஈரப்பத மானியைப் பார்க்க உப்புப் போதும்: சோடா மூடி ஒன்றில் ஆனையிறவு உப்பு, சில துளி தண்ணீர் விட்டு, கரையாமல் சேறு போல இருக்கவேண்டும். அதையும் மானியையும் காற்றுப் புகாத பையில் கட்டி ஓர் இரவு வைத்தால் 75 வீதம் காட்டவேண்டும்.

தேமோஸ்ரற்றுக்கு எஸ்ரிசி-1000 என்கிற சிறு கட்டுப்படுத்தி நல்ல தெரிவு. பின்புறம் எட்டு முனை: 1, 2 மின்சாரம், 3, 4 சென்சர், 5, 6 சூடாக்கும் சுவிச், 7, 8 குளிராக்கும் சுவிச். 220 வோல்ற்று வகையைப் பார்த்து எடுங்கள், 12 வோல்ற்று வகையும் அதே முகத்தோடு வருகிறது. வெறுமனே தொங்கவிடாமல் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பொருத்தவேண்டும். வயர் வேலை தெரிந்தவர் செய்யட்டும், வீட்டில் ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும். மாற்றுக்கு எஃப்1ஐ (வேண்டிய சூடு) 32 ஆகவும் எஃப்2ஐ (விடக்கூடிய வித்தியாசம்) 1 ஆகவும் வையுங்கள். தரை 31க்கு இறங்கினால் மாற் எரியும், 32இல் அணையும். சென்சரை மாற்றுக்கு நேர் மேலே, தரை ஓட்டில் ஒட்டிவிடுங்கள். தொங்கும் சென்சரைக் கெக்கோ இழுத்துக் குளிர்ப் பக்கம் போட்டுவிட்டால் கட்டுப்படுத்தி சூடு போதாது என்று நினைத்து மாற்றை நிறுத்தாமல் எரித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் கருவியில் இரண்டு சுவிச் இருப்பதால் ஒன்றில் மாற்றையும் மற்றதில் ஃபானையும் கொழுவிவிடலாம் என்று பலர் எண்ணுவார்கள். அது சரிவராது. சென்சர் ஒன்றுதான்; அது மாற்றின் மேல் இருக்கிறது; குளிர்ப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபானுக்கு இரண்டாவது கட்டுப்படுத்தி வேண்டும், அதன் சென்சர் குளிர்ப் பக்கத்தில் இருக்கவேண்டும். எஃப்1 29, எஃப்2 1 என்று வைத்தால் 30இல் ஓடி 29இல் நிற்கும். கணினியில் வருகிற 12 வோல்ற்று, 120 மில்லிமீற்றர் ஃபான் போதும். அதை வலை மூடியில் சூட்டுப் பக்கத்தில், காற்றை வெளியே இழுக்கிற மாதிரி வையுங்கள். கதவுக்குக் கீழே உள்ள துளைகளால் புதுக்காற்று தானாக உள்ளே வரும்.

ஆனால் ஃபான் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. தொட்டிக்குள் தேங்கிய சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். வன்னியில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வெளியே 35ஐத் தாண்டுகிற நாட்கள் உண்டு. சீற் போட்ட கூரையின் கீழ் பின்னேரம் மூன்று மணிக்கு அறையும் அதே சூட்டில் நிற்கும். அப்போது தொட்டியில் சூட்டுப் பக்கமும் இல்லை, குளிர்ப் பக்கமும் இல்லை, முழுவதும் ஒரே அடுப்பு. கெக்கோ தன் உடம்புச் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்கிறது. போக இடம் இல்லையென்றால் அதற்கு வேறு வழியே கிடையாது. குளிர்ப் பக்கம் 24 முதல் 28 வரை இருப்பது நல்லது. சில மணிநேரம் 30ஐத் தாங்கும். 34, 35 மணிக்கணக்காக நீடித்தால் ஆபத்து. வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குவது, கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே நடப்பது, பகலில் குகையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுப்பது ஆகியவை அடையாளங்கள். அந்த நேரத்தில் ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணி விரித்த பெட்டியில் வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலைக்குக் கொண்டுபோங்கள்.

சூட்டைத் தணிக்க இரண்டு வழி உண்டு. அரை லீற்றர் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி உறையவைத்து, பருத்தித் துணியில் சுற்றி, ஒரு தட்டில் வைத்து, குளிர்ப் பக்கத்து வலை மூடியின் மேல் வையுங்கள். குளிர்ந்த காற்று பாரமானது, தானாகக் கீழே இறங்கும். தட்டு இல்லாவிட்டால் போத்தலில் வியர்க்கிற தண்ணீர் உள்ளே சொட்டித் தரையை நாசமாக்கும். தட்டு வலை முழுவதையும் மூடிவிடாமல் சிறிதாக இருக்கட்டும். இரண்டு போத்தல் இருந்தால் மாறி மாறி வைக்கலாம். மற்றது மண்சட்டி. மெருகு பூசாத சின்னச் சட்டியின் விளிம்பில் கெக்கோ நுழைகிற அளவுக்கு வாய் உடைத்து, அரத்தால் தேய்த்து, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் குளிர்ப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். கச்சான் வீசுகிற மாதங்களில் காற்று காய்ந்து கிடப்பதால் சட்டியின் ஈரம் கெதியாக ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தரும். ஒருநாள் விட்டு ஒருநாள் நனைத்தால் போதும். மாரியில் இது வேலை செய்யாது, காற்றே ஈரமாக இருக்கும்போது சட்டி காயாது.

மாற் தேவைப்படும் காலமும் மாரிதான். வாடைக் காற்றோடு மழை விடாமல் பெய்கிற கார்த்திகை, மார்கழி நாட்களிலும், விடியப்புறம் 21, 22க்கு இறங்குகிற தை மாதத்திலும் வயிற்றுச் சூடு இல்லாவிட்டால் தின்ற பூச்சி செமிக்காமல் கிடக்கும், சிலவேளை அப்படியே கக்கிவிடும். பங்குனியிலிருந்து புரட்டாதி வரைக்கும் பகலில் மாற்றுக்கு வேலையே இருக்காது. தேமோஸ்ரற் இருந்தால் அது தானாகவே எரியாமல் கிடக்கும்.

சிவப்பு பல்ப்புக்கு எந்த மாதத்திலும் இடம் இல்லை. இரவில் சிவப்பு வெளிச்சம் கெக்கோவின் கண்ணுக்குத் தெரியாது என்று பெட்டியில் எழுதியிருப்பது பிழை, தெரியும். அதைவிட, 45 சென்ரிமீற்றர் உயரத் தொட்டியில் 75 வாற்று என்பது இந்தக் காலநிலைக்கு மிக அதிகம். பல்ப்புக்கு நேர் கீழே வைத்த ஓடு 45ஐத் தாண்டுவது சாதாரணம். ஹோல்டரை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துப் பகலுக்கு மட்டும் 25 அல்லது 35 வாற்று ஹலஜன் போடலாம்.

யூவிபி என்கிற புறஊதாக் கதிர் விளக்கு செட்டில் இல்லை. அது இல்லாமலும் கெக்கோவை வளர்க்கலாம். அப்போது விற்றமின் டி3 கலந்த கல்சியம் மாவைத் தவறாமல் கொடுக்கவேண்டும். போடுவதென்றால் 5 முதல் 7 வீதக் குழாய் விளக்கு நல்லது, அர்க்காடியாவின் ஷேட் டுவெல்லர் 7 வீத விளக்கு நிழலில் வாழ்கிற ஊர்வனவற்றுக்கென்றே செய்தது. கம்பி வலை யூவிபியில் நல்ல பங்கை மறித்துவிடும், கண்ணாடி அநேகமாக முழுவதையும் மறிக்கும். குழாய் கண்ணுக்கு நன்றாக எரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். யன்னலோரத்தில் வெயில் படும்படி தொட்டியை வைப்பது யூவிபிக்கு ஈடு என்று நினைக்கவேண்டாம். யூவிபி வராது, சூடு மட்டும் வரும். நேர் வெயிலில் மூடிய கண்ணாடித் தொட்டி கால்மணி நேரத்துக்குள் கொலைக்களமாகிவிடும்.

இடம் பார்க்கும்போது மேற்குச் சுவரை விட்டுவிடுங்கள், பின்னேர வெயிலை வாங்கி இரவு பத்து மணிவரை சுவர் சுட்டுக்கொண்டிருக்கும். ஓட்டு வீடாக இருந்தால் உட்சுவர் எதுவும் சரி. சீற் வீடாக இருந்தால் உயரமான அலுமாரிக்கு மேலே வைக்கக்கூடாது. சூடு கூரைப் பக்கம்தான் தேங்கும். முழங்காலளவு உயர மேசை போதும். 5 மில்லிமீற்றர் கண்ணாடியில் இந்தத் தொட்டியின் கண்ணாடி மட்டும் 15 கிலோ வரும். மண்ணும் கல்லும் சேர்ந்தால் 35க்குப் போகும். பனஞ்சிலாகையில் அடித்த மேசை நல்லது, வைரம் பாய்ந்த பனையில் கறையான் லேசில் ஏறாது. நுளம்புத்திரி எரிக்கிற அறையும் பூச்சிமருந்து விசிறுகிற அறையும் கூடாது. டெங்குப் புகை அடிக்க வருகிற நாளில் கெக்கோவைத் துளையிட்ட பெட்டியில் போட்டுத் தூர எடுத்துப்போய், தொட்டியை நன்றாகக் காற்றாடவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள்.

எறும்பைப் பற்றிச் செட்டின் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. இங்கே அது முதல் வாரத்திலேயே வரும். செத்த பூச்சி ஒன்று மூலையில் கிடந்தால் விடிவதற்குள் சிற்றெறும்பு வரிசை கட்டிவிடும். தோல் உரிக்கிற நேரத்தில் கெக்கோவையும் கடித்துக் குதறும். வீட்டில் சாப்பாட்டு அலுமாரிக் காலுக்கு வைக்கிற மாதிரி மேசையின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது, நுளம்பும் முட்டையிடாது. மேசை சுவரில் தொடக்கூடாது. வயர் தான் மறந்துபோகிற பாலம்: அது தரைவரைக்கும் தொங்கி வளைந்து பிறகு பிளக்குக்குப் போனாலும் எறும்பு அதில் ஏறும். வயரில் ஒரு சாண் நீளத்துக்கு வசலின் பூசிவிடுங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும்.

கதவுதான் இந்தச் செட்டின் நல்ல அம்சம் என்று சொன்னோம். மேலேயிருந்து வருகிற கை கெக்கோவுக்குப் பருந்தின் கால்தான். முன்பக்கத்தால் மெதுவாகக் கை வந்தால் பழகும். கதவுக்குக் கீழே உள்ள காற்றுத்துளை வரிசையும் மேலே உள்ள வலையும் சேர்ந்து காற்றோட்டம் தருகின்றன. மாரியில் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் படிவது மேலால் மட்டும் திறந்த தொட்டிகளை விட இதில் குறைவு. குறை ஒன்று உண்டு. பின்பக்க மூலைகளில் வயர் நுழைய வைத்திருக்கிற துளைகள், மூடியைத் தள்ளினாலும் முழுதாக மூடாமல் விரல் அகலம் திறந்து நிற்கும். வீட்டுக்குள் பல்லி பிடிக்க வருகிற சின்ன ஓநாய்ப் பாம்புகளுக்கு அந்த இடைவெளி தாராளம். வயரை விட்டபின் மிச்ச இடத்தைத் துருப்பிடிக்காத கம்பி நாரால் இறுக்கி அடையுங்கள். பூனை உள்ள வீட்டில் கதவுப் பூட்டும் வலை மூடியின் கொளுக்கிகளும் எப்போதும் போட்டிருக்கவேண்டும். சுவர்ப்பல்லி உள்ளே புகுந்தாலும் விடாதீர்கள், அதன் குடல் ஒட்டுண்ணிகள் கெக்கோவுக்குத் தாவும்.

தரைக்குச் செட்டில் வருகிற கல்சியம் மணல், தின்றால் செமிக்கும் என்று எழுதப்பட்டது. ஈரம் பட்டால் அது கட்டியாகிறது. அதே வேலையைக் குடலிலும் செய்கிறது. கல்சியம் ருசி இருப்பதால் கெக்கோ வேண்டுமென்றே நக்கவும் செய்யும். குட்டிக்கு, ஆறு மாதம் வரைக்கும், அச்சு மை இல்லாத வெள்ளைக் கடதாசியோ தரை ஓடோ போதும். வளர்ந்ததற்கு இறுக்கமான மண் தரை போடுங்கள். செம்பாட்டு மண்ணும் ஆற்று மணலும் கலந்து அரித்தது ஆறு பங்கு, நொறுக்கி அரித்த புற்றுமண் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. சுவர் மெழுகுகிற வீடுகளுக்குப் புற்றுமண்ணின் பிடிப்பைச் சொல்லித்தரத் தேவையில்லை. உரமோ களைக்கொல்லியோ பட்ட வயல் மண் வேண்டாம்; ஆளில்லாத புற்றிலிருந்தே எடுங்கள், அதுவும் உங்கள் சொந்த வளவில் மட்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத பக்கங்களில் மண்வெட்டியைப் போடவே கூடாது. மூன்று நாள் கறுப்புப் பொலித்தீனில் விரித்து வெயிலில் காயவைத்து, பிறகு கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு தண்ணீர் விட்டுப் பிசைந்து, 5 சென்ரிமீற்றர் தடிப்பில் அமுக்குங்கள். முழுத் தரைக்கும் என்றால் 13 லீற்றர் அளவு பிடிக்கும். ஆறேழு நாள் காயவேண்டும். விரலால் தட்டினால் மண் உதிராமல் ‘டொக்’ என்று கேட்கவேண்டும்.

ஆனால் மாற் இருக்கிற மூன்றில் ஒரு பகுதியில் மண் போடாதீர்கள். 5 சென்ரிமீற்றர் மண் சூட்டை மேலே விடாது. சூடு கண்ணாடிக்கும் மாற்றுக்கும் நடுவில் அடைபட்டுக் கண்ணாடியை வெடிக்கவைக்கும். அந்தப் பகுதியின் அளவுக்குத் தரை ஓடு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி போட்டு, மண்ணை அதன் ஓரத்தோடு நிறுத்துங்கள். தொட்டியின் அடிக்கும் மேசைக்கும் இடையிலும் 5 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும், மூலைகளில் ரப்பர்க் கால் ஒட்டினால் சரி.

குகை ஒன்று மட்டும் தருவது போதாது, மூன்று வேண்டும். சூட்டுப் பக்கத்துக்கு முகட்டு ஓட்டின் துண்டு, ஒரு வாயை மண்ணால் அடைத்தது. குளிர்ப் பக்கத்துக்கு மேலே சொன்ன மண்சட்டி. நடுவில் ஈரக் குகை: ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியின் பக்கத்தில் 4 சென்ரிமீற்றர் துளை வெட்டி, விளிம்பை மெழுகுதிரிச் சூட்டில் உருக்கி மழுக்கி, உள்ளே பாதிக்குத் தும்புத்தூள். தும்புத்தூளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கைப்பிடியில் எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஓடினால் ஈரம் கூட. துளியும் வராமல், கை திறந்ததும் உருண்டை உடையாமல் நின்றால் பதம். இந்தப் பெட்டி இல்லாத தொட்டியில் கச்சான் காலத்தில் தோல் முழுதாக உரியாது. கடைசியில் விரல் நுனிகளில் வெள்ளை வளையம் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். நூல் கட்டின மாதிரி அது காய்ந்து இறுகும், இரத்தம் போகாது, விரல் கறுத்து விழும். ஒவ்வொரு முறை உரித்த மறுநாளும் இருபது விரலையும் பாருங்கள். வளையம் நின்றால் கைச்சூட்டுத் தண்ணீரில், வயிறு நனையும் ஆழத்தில் பதினைந்து நிமிடம் நிற்கவிட்டு, ஈரமான பஞ்சுக்குச்சியால் அடியிலிருந்து நுனிக்கு உருட்டுங்கள். பிய்க்கக்கூடாது.

தண்ணீர்க் கிண்ணம் நல்லது, ஆழமில்லாதது, வைத்துக்கொள்ளலாம். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கிண்ணத்திலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும். வினாகிரியால் துடைத்துப் பிறகு வெறுந்தண்ணீரால் கழுவினால் போகும்.

சாப்பாட்டுக்கு மீல்வேர்ம் என்கிற மாவுப்புழுவை வீட்டிலேயே பெருக்கலாம். ஆலையில் வாங்கிய அரிசித் தவிட்டை வறுத்து ஆறவிட்டு 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போட்டு, ஈரத்துக்குக் கரட் துண்டு வைத்தால் போதும். சுவர்க்கோழியும் கொடுக்கலாம், தின்னாமல் மிச்சம் விட்டதை இரவுக்கு உள்ளே விடக்கூடாது, தூங்குகிற கெக்கோவைக் கடிக்கும். கொடுப்பதற்கு ஒருநாள் முன் பூச்சிகளுக்கு முருங்கையிலை போடுங்கள், அதன் கல்சியம் பூச்சி வழியாகக் கெக்கோவுக்குப் போகும். வயல் வெட்டுக்கிளி, வீட்டுக் கரப்பான், மின்மினி மூன்றும் வேண்டாம். முதலிரண்டில் மருந்து இருக்கலாம், மின்மினியில் நஞ்சு இருக்கிறது.

இந்தத் தொட்டி ஒரு கெக்கோவுக்கு மட்டும். இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும், இரண்டு பெண்ணில் ஒன்று மற்றதைச் சூட்டுக் குகையிலிருந்து விரட்டிவிடும். கிரெஸ்ரெட் கெக்கோவை இதே செட்டில் வைக்கலாம் என்று விற்றால் மறுத்துவிடுங்கள். நியூ கலிடோனியாவின் அந்தப் பல்லி 28 பாகைக்கு மேலே நீண்ட நேரம் தாங்காது. குளிரூட்டி ஓயாமல் ஓடுகிற அறை இல்லாமல் வன்னியில் அதை வளர்ப்பது அதற்குச் செய்கிற கொடுமை.

கண்ணாடிக் கடையில் செய்விப்பதாக இருந்தால் 60 வேண்டாம், 90 சென்ரிமீற்றரே செய்யுங்கள். நீளம் கூடினால்தான் இரு பக்கத்துக்கும் சூட்டு வித்தியாசம் நிற்கும்; நம்முடைய வெயிலுக்கு அந்த 30 சென்ரிமீற்றர் எந்த விளக்கையும் விடப் பெறுமதியானது. 5 மில்லிமீற்றர் கண்ணாடியில் அடி 90க்கு 45. அதன் மேல் நிற்கிற பின்பக்கம் 90க்கு 44.5, பக்கம் இரண்டும் 44.5க்கு 44.5. முன்பக்கம் பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே 89 நீளத்தில் கீழே 8 சென்ரிமீற்றர்ப் பட்டி, அதற்கு மேல் 4 சென்ரிமீற்றருக்குத் துருப்பிடிக்காத வலை, அதற்கு மேல் அலுமினியத் தடத்தில் சறுக்குகிற கதவு இரண்டு, உச்சியில் 5 சென்ரிமீற்றர்ப் பட்டி. வலைக் கண் 2 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. கண்ணாடி ஏறக்குறைய 20 கிலோ வரும். வெட்டிய விளிம்பு எல்லாவற்றையும் மழுக்கச் சொல்லுங்கள். பூஞ்சணம் தடுக்கிற மருந்து கலந்த குளியலறை சிலிக்கன் வேண்டாம், சாதாரணக் கண்ணாடி சிலிக்கன் போதும். மூன்று நாள் காயவிட்டு, புளித்த வாசம் முழுக்கப் போனபிறகுதான் உள்ளே எதையும் வைக்கலாம். சறுக்குக் கதவு இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று வருகிற இடத்தில் இடைவெளி நிற்கும், அதற்கு ஒளிபுகும் பிளாஸ்ரிக் பட்டி ஒட்டுங்கள். செட்டின் விலை டொலரோடு சேர்ந்து ஏறி இறங்கும். கடைக்காரர் சதுர அடிக் கணக்கில் சொல்கிற விலையை அன்றைய செட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செட்டையே வாங்கினால் பேருந்தில் ஏற்றி அனுப்பவைக்கவேண்டாம், ஆளோடு வருகிற வாகனத்தில் வரட்டும். இறக்கியதும் மூலைகளின் சிலிக்கனைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள், வெள்ளையாக விரிந்தால் கழன்றிருக்கிறது. பிளக்கையும் லேபிளையும் பாருங்கள், 220 முதல் 240 வோல்ற்று என்று இருக்கவேண்டும். 110 என்று இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பல்லி வருவதற்கு ஒரு கிழமை முன்பே எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். காலை ஆறு, பின்னேரம் மூன்று, இரவு ஒன்பது என்று மூன்று வேளையும் இரண்டு சென்சரின் அளவையும் எழுதுங்கள். முக்கியமானது மூன்று மணி அளவுதான். ஒருநாள் மத்தியானம் மெயின் சுவிச்சை மூன்று மணிநேரம் நிறுத்திப் பாருங்கள். மின்வெட்டில் தொட்டி எங்கே போகிறது என்று அப்போது தெரியும். குளிர்ப் பக்கம் 32ஐத் தாண்டினால் தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள், உள்ளே சாமான் கூட்டிப் பிரயோசனமில்லை. நோய் வந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கப் பழகிய மிருக வைத்தியர் பக்கத்தில் கிடைப்பது கடினம். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது, கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர்.

கெக்கோ வந்தபிறகு முதல் மூன்று கிழமை மண் தரையின் மேல் வெள்ளைக் கடதாசி விரித்து வையுங்கள். கெக்கோ ஒரே மூலையில்தான் கழிக்கும். கறுப்புப் பொட்டும் வெள்ளை முனையுமாகக் கெட்டியாக விழுந்தால் கடதாசியை எடுத்துவிடலாம். தண்ணீராகவோ, செமிக்காத பூச்சியோடோ விழுந்தால் முதலில் சூட்டுப் பக்கத் தரையை அளந்து பாருங்கள். அது 31க்கும் 33க்கும் இடையில்தான் இருக்கிறதென்றால் அந்த எச்சத்தைச் சிறு போத்தலில் எடுத்து, வைத்தியரிடம் கொண்டுபோகும் வரைக்கும் ஐஸோடு வையுங்கள். தொட்டியில் கை வைத்த ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஊர்வனவற்றின் எச்சத்தில் சல்மொனெல்லா என்கிற நோய்க்கிருமி இருக்கலாம். கிண்ணத்தைக் குசினித் தொட்டியில் கழுவவேண்டாம், கிணற்றடியில் தனி வாளியில் கழுவுங்கள்.